ஒரு வெல்டிங் மட்டும் தேறவில்லை: கடல் காற்றாலைத் தூணுக்கு எந்த வைத்தியம்?

கணக்குத் தாள் மேசைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட கடலில் நிற்கப்போகும் ஒரு காற்றாலையின் அடித்தூண், அதாவது மோனோபைல். விட்டம் 8 மீட்டர், தகட்டின் தடிமன் 80 மி.மீ., நீளம் 80 மீட்டர். தகடுகளை வளைத்து வளையங்களாக்கி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, 25 இடங்களில் சுற்றிலும் வெல்டிங் போட வேண்டும். அதில் 24 தேறிவிட்டன. கடல் தரைக்குச் சில மீட்டர் கீழே, வளைவு விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில் வரும் ஒன்று மட்டும் தேறவில்லை.

காற்றாலை 25 ஆண்டு ஓட வேண்டும். மண்ணுக்குள் போன வெல்டிங்கை அப்புறம் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் மூன்று மடங்கு பாதுகாப்பு கேட்பார்கள். ஆக, தாளில் 75 ஆண்டு வர வேண்டும். வந்திருப்பது 45. இந்த எண்களை உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த நிலைமை இத்துறையில் இருக்கும் எவருக்கும் பழகியதுதான். ஆயுளை 1.67 மடங்காக்க வேண்டும். எப்படி?

தகட்டைத் தடிமனாக்கலாம். வெல்டிங்கின் ஓரத்தைக் கிரைண்டர் போட்டு வழிக்கலாம். மேலே புடைத்து நிற்பதையே மட்டமாகச் சீவிவிடலாம். ஆர்கான் வைத்து ஓரத்தை மறுபடி உருக்கலாம். சுத்தியல்போல் தட்டும் கருவியால் ஓரத்தை நசுக்கலாம். இதெல்லாம் இல்லாமல் வெல்டிங்கின் இடத்தையே மாற்றலாம். கூட்டங்களில் இவற்றை ஒரே தட்டில் வைத்து, எது மலிவு என்று மட்டும் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவை ஒரே நோய்க்கான மருந்துகளே அல்ல.

நோய் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கடலில் சராசரியாக 8 வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தால்கூட 25 ஆண்டில் ஏறத்தாழ 10 கோடி அலைகள். ஒவ்வொன்றும் தூணைக் கொஞ்சம் வளைத்துவிட்டுப் போகும். காற்றும் இறக்கைகளின் சுழற்சியும் தனி. எந்த ஓர் அலையும் தூணை முறிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கம்பியை இங்கும் அங்கும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு மெல்லிய வளைப்பில் பட்டென்று போகிறதே, அதே கதை. உலோகச் சோர்வு, பட்டறை மொழியில் ஃபெட்டீக்.

வெறும் தகடு இதை நன்றாகவே தாங்கும். தாங்காதது வெல்டிங்கின் ஓரம். உருகி உறைந்த உலோகம் முடிந்து தகடு தொடங்கும் அந்தக் கோட்டை ‘டோ’ என்பார்கள். விரல் நகத்தை வெல்டிங்கின் மேலிருந்து தகட்டை நோக்கி இழுத்துப் பாருங்கள், அந்த இடத்தில் நகம் தட்டி நிற்கும். நகம் தட்டும் இடத்தில் விசையும் தட்டி நின்று குவிகிறது. போதாததற்கு, நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கோட்டின் அடியில் மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குக் கசடு ஊசிபோல் நுழைந்திருக்கும். விரிசல் புதிதாகப் பிறக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறந்த குழந்தை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, வளர வேண்டியதுதான் பாக்கி. மூன்றாவது தொல்லை, வெல்டிங் ஆறும்போது சுருங்கி, தன்னைச் சுற்றியுள்ள இடத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த எஞ்சிய இழுவிசை பல இடங்களில் எஃகின் நெகிழ்வு வலிமையை, அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவை, எட்டும்வரை போகும். அதனால் அலை தூணை அமுக்கினாலும்கூட அந்த இடம் இழுவையில்தான் இருக்கும்.

ஆக மூன்று காரணங்கள்: வடிவம், கசடு ஊசி, எஞ்சிய இழுவிசை. எந்த வழி இவற்றில் எதைத் தொடுகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன் ஒரு வழியைத் தள்ளிவிடுகிறேன். “எஸ்355 போதவில்லை என்றால் எஸ்460 போடுங்கள், இன்னும் வலுவான எஃகு” என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். வெல்டிங் போட்டபடியே விடப்போகிறோம் என்றால் இதனால் ஃபெட்டீக் ஆயுள் ஒரு நாள்கூட அதிகமாகாது. விரிசல் வளரும் வேகம் எஃகின் வலிமையைப் பார்ப்பதில்லை. கசடு ஊசி இரண்டு எஃகிலும் ஒன்றுதான். வலுவான எஃகை நம்பித் தகட்டை மெலிதாக்கினால் தகைவு, அதாவது தகட்டின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை, கூடி ஆயுள் இன்னும் குறையும். வலிமை உதவுவது ஒரே இடத்தில், தட்டி நசுக்கும் முறையில். அதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். தகைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல. தகைவையும் அதைத் தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கையையும் காட்டும் எஸ்-என் வரைகோட்டில் பெரிய தகைவுகளுக்கு ஆயுள் மும்மடியில் மாறும், சிறிய தகைவுகளுக்கு ஐம்மடியில். தகைவை வெறும் 5 சதவீதம் குறைத்தால் ஆயுள் 17 முதல் 29 சதவீதம் கூடும். சின்னச் சின்ன மிச்சங்களுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

சரி, எல்லாரும் முதலில் கை வைக்கும் வழிக்கு வருவோம்: தகட்டைத் தடிமனாக்குவது. வடிவமைப்பவருக்கு இதுதான் சுலபம். ஓர் எண்ணை மாற்றினால் போதும், பட்டறையில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சான்றளிப்பவரும் கேள்வி கேட்கமாட்டார். ஆனால் தடிமன் கூடினால் ஒரு தண்டனையும் கூடவே வரும். தடித்த தகட்டில் ஓரத்தின் அடியில் தகைவு அதிக ஆழத்துக்குக் குவிந்திருக்கும், விரிசலுக்குத் தீனி அதிகம். சான்றளிப்பு நிறுவனமான டி.என்.வி.யின் ஆர்.பி-சி203 வழிகாட்டி 25 மி.மீ.யை அடிப்படையாக வைத்து, அதைத் தாண்டினால் தகைவைக் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. சாதாரண வட்ட வெல்டிங்குக்குத் தடிமன் விகிதத்தின் அடுக்கு 0.2. நம் 80 மி.மீ. தகட்டுக்கு அது 26 சதவீதக் கூடுதல் தகைவு, அதாவது ஆயுள் ஏற்கெனவே பாதிக்கும் கீழே போய்விட்டது.

நமக்கு வேண்டிய 1.67 மடங்கை இந்த வழியில் எடுக்க, மும்மடிப் பகுதியில் 99 மி.மீ. வரை போக வேண்டும். ஐம்மடிப் பகுதியில் 91 போதும். நடுவில் 95 என்று வைப்போம். மீட்டருக்கு 3 டன் எஃகு கூடும். அந்த வெல்டிங்கைச் சுற்றி 12 மீட்டர் நீளத்துக்கு என்றால் தூணுக்கு 35 டன். காற்றாலைப் பண்ணையில் 60 தூண் இருந்தால் 2,100 டன். தகட்டின் விலை மட்டும் அல்ல, வெல்டிங் பள்ளத்தின் கொள்ளளவு தடிமனின் இருமடியில் வளரும். 80 மி.மீ.யில் நிரப்பியதைப்போல 1.4 மடங்கு உலோகத்தை 95 மி.மீ.யில் நிரப்ப வேண்டும். முன்சூடு அதிகம், சுற்றுகள் அதிகம், குறை வரும் வாய்ப்பும் அதிகம். ஒரே ஒரு கோடு தேறவில்லை என்பதற்காக இவ்வளவு எஃகைக் கடலில் இறக்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. தூண் முழுவதுமே தேறவில்லை என்றால் கதை வேறு, அப்போது விட்டத்தையும் தடிமனையும்தான் தொட வேண்டும்.

அடுத்து ஓரத்தை வழிப்பது, பர் கிரைண்டிங். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் சரியாகச் செய்தால் இதைப்போல நம்பகமான வைத்தியம் இல்லை, தவறாகச் செய்தால் பார்வைக்குத் தெரியவும் தெரியாது.

கருவி சிறியது. காற்றழுத்தத்திலோ மின்சாரத்திலோ நிமிடத்துக்கு 15,000 முதல் 40,000 சுற்று வரை ஓடும் பென்சில் கிரைண்டர், அதன் நுனியில் உருண்டைத் தலை வைத்த கார்பைட் பர். ஓரக் கோட்டின் மேலேயே பர்ரை ஓட்டி, ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். ஆழம் ரொம்ப முக்கியம். கண்ணுக்குத் தெரியும் அண்டர்கட்டின், அதாவது வெல்டிங் ஓரத்தில் தகட்டை அரித்துவிட்ட பள்ளத்தின், அடியிலிருந்து இன்னும் 0.5 மி.மீ.யாவது இறங்க வேண்டும். அப்போதுதான் கசடு ஊசிகள் முழுதாக வெளியே வரும். இறங்கவில்லை என்றால் வடிவம் அழகாகிவிடும், ஊசி உள்ளேயே இருக்கும். அளவுக்கு மேல் இறங்கினால் தகடு மெலிந்துவிடும்.

நான் பட்டறையில் சேர்ந்த புதிதில், பெரிய ஆங்கிள் கிரைண்டரின் டிஸ்க்கை ஓரத்தின் நீளவாக்கில் இழுத்து வெள்ளி மாதிரி பளபளப்பாக்கிக் காட்டினேன். மூத்த மேஸ்திரி ஒருவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஓரத்துக்கு இணையாக முடிபோன்ற கீறல்கள், நூற்றுக்கணக்கில். “தம்பி, விரிசலுக்கு நீயே கோடு போட்டுக் கொடுத்திருக்கே” என்றார். அன்றைக்குப் புரிந்தது. கீறல் ஓரத்துக்கு இணையாக இருந்தால் அது விசைக்குக் குறுக்கே இருக்கிறது என்று அர்த்தம். பர் சுழலும் விதத்தில் அதன் கீறல்கள் ஓரத்துக்குக் குறுக்கே, விசையின் திசையிலேயே விழும். பளபளப்பு முக்கியமில்லை, கீறலின் திசை முக்கியம். இன்றும் எந்தக் கிரைண்டிங்கைப் பார்த்தாலும் டார்ச்சைச் சாய்த்துத்தான் பிடிக்கிறேன்.

பலன் எவ்வளவு? அனைத்துலகப் பற்றவைப்பு நிறுவனமான ஐ.ஐ.டபிள்யூ. தகைவில் 1.3 மடங்கு தருகிறது, ஆயுளில் அது 2.2 மடங்கு. டி.என்.வி. வழிகாட்டியின் பழகிய அட்டவணை எஃகின் நெகிழ்வு வலிமையில் நூறில் ஒரு பங்கை ஆயுள் மடங்காக எடுக்கச் சொல்லும், உச்சம் 3.5. நம் தடிமனில் எஸ்355-க்கு 325 மெகா பாஸ்கல் என்றால் 3.25. ஆக 45 ஆண்டு 99-க்கோ 146-க்கோ போகும். தேவை 75தான். ஆனால் வட்ட வெல்டிங்குக்கு வெளிப்பக்கம் இரண்டு ஓரம், உட்பக்கம் இரண்டு ஓரம். சுற்றளவு 25 மீட்டர். ஆக மொத்தம் 100 மீட்டர் வாய்க்கால். நிமிடத்துக்கு 5 செ.மீ. என்று வைத்தாலும் 33 மணி நேரம் கையால். அதில் ஒரு சாண் நீளத்தை விட்டுவிட்டால் விரிசல் அந்தச் சாணைத் தேடிக்கொள்ளும். இரும்புக் குழாய்க்குள் உட்கார்ந்து அந்த இரைச்சலிலும் அதிர்விலும் 33 மணி நேரம் வேலை செய்பவரின் கையையும் காதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிர்வால் விரல்கள் வெளுத்து உணர்விழக்கும் நோய் இந்த வேலையில் உண்மையானது. ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் புடைப்பையே மட்டமாகச் சீவிவிட்டால்? மோனோபைலின் வட்ட வெல்டிங்குக்கு எனக்கு இதுதான் பிடித்த வழி. ஓரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. நகம் தட்ட இடம் கிடையாது. வகுப்பு, அதாவது ஃபெட்டீக்கைத் தாங்கும் தர எண், 90-லிருந்து 112-க்கு ஏறும், டி.என்.வி. மொழியில் டி-யிலிருந்து சி1-க்கு. தகைவில் 24 சதவீதம், ஆயுளில் மும்மடியில் 1.93, ஐம்மடியில் கிட்டத்தட்ட 3 மடங்கு. 45 ஆண்டு குறைந்தது 87 ஆகிறது. கூடவே தடிமன் தண்டனையும் குறையும், அதை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

நூறு மீட்டர் வாய்க்காலுக்குப் பதில் உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை, மொத்தம் 50 மீட்டர். பட்டறையில் தூண் உருளைகளின் மேல் படுத்துச் சுழலும், சீவும் இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் தூணைச் சுழற்றலாம். ஆள் கையால் பிடிக்க வேண்டியது குறைகிறது, ஒரு சாண் விட்டுப்போகும் ஆபத்தும் குறைகிறது. ஒரே நிபந்தனை, ஓரத்தை எடுத்த பிறகு ஆயுளை ஆள்வது உள்ளே இருக்கும் குறைகள். ஒரு சிறு இணைவின்மை, ஒரு கசடுத் துண்டு போதும். ஆகவே மீயொலிச் சோதனை முழு நீளத்துக்கும், வழக்கத்தைவிடக் கடுமையான அளவுகோலோடு நடக்க வேண்டும். வெல்டிங் சுமார் என்றால் சீவுவதில் பயன் இல்லை.

ஆர்கான் வைத்து ஓரத்தை மறுபடி உருக்கும் டிக் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊசிகள் உருகிப் போகும், வடிவம் மென்மையாகும், பலன் பர் கிரைண்டிங்குக்குச் சமமாகவே தரப்படுகிறது. ஆனால் தடித்த தகட்டில் சின்ன உருக்கு வைத்தால் அது சட்டென்று ஆறி, அந்த இடம் கெட்டியாகி நொறுங்கும் தன்மை வந்துவிடலாம். முன்சூடு வேண்டும், துரும்பு துரு இல்லாத மேற்பரப்பு வேண்டும், நல்ல கை வேண்டும். 80 மி.மீ. தூணில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. முழுத் தூணையும் சூடாக்கி எஞ்சிய தகைவைப் போக்குவதும் அப்படியே: 8 மீட்டர் விட்டத்துக்கு உலை தேடுவது ஒரு பக்கம், இழுவைச் சுழற்சியில் பலன் சொற்பம் என்பது இன்னொரு பக்கம்.

தட்டி நசுக்கும் முறைதான் இப்போது மாநாடுகளில் அதிகம் பேசப்படுவது. பழைய சுத்தியல் முறையின் புது அவதாரம், எச்.எஃப்.எம்.ஐ. நொடிக்கு 90 தடவைக்கு மேல் தட்டும் உருண்டை முனை ஊசி ஓரத்தில் ஓடி, 0.2 முதல் 0.6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பளிங்குப் பள்ளத்தை விட்டுச் செல்லும். இதன் மீயொலி வகை சோவியத் ஒன்றியத்தில் பிறந்தது. உலோகத்தை வெட்டுவதில்லை, அமுக்குகிறது. இழுவையில் இருந்த இடம் அமுக்கத்துக்குப் போகிறது. மூன்று காரணங்களில் மூன்றாவதைத் தலைகீழாக மாற்றுவது இது ஒன்றுதான். எஃகு வலுவாக இருந்தால் அதிக அமுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் வலுவான எஃகுக்கு இங்கே மட்டும் மதிப்பு. ஐ.ஐ.டபிள்யூ.வின் 2016 பரிந்துரைப்படி எஸ்355 தரத்தில் நான்கு படி ஏறும்: 90 வகுப்பு 140 ஆகும். காகிதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. வேலையும் கிரைண்டிங்கைவிட வேகம், கைக்கும் கொஞ்சம் இதம்.

பரிசோதிப்பதும் அழகு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். பழைய ஓரக் கோடு மெல்லிய கருப்பு இழையாக எங்காவது தெரிந்தால் அந்த இடம் இன்னும் தட்டப்படவில்லை, இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இழை மறைந்து பள்ளம் ஒரே சீராக மின்னினால் சரி.

பிறகு ஏன் நம் தூணுக்கு இதை நான் சொல்லவில்லை? அந்தப் பரிந்துரைகள் 5 முதல் 50 மி.மீ. தடிமனுக்கானவை. நம்முடையது 80. அடுத்து, சராசரி இழுவை அதிகமானால் பலன் படிப்படியாகக் கழியும். தகைவு விகிதம், அதாவது ஒரு சுழற்சியின் குறைந்த தகைவை உச்சத் தகைவால் வகுத்தது, 0.15-ஐத் தாண்டினாலே ஒரு படி போய்விடும், 0.4-ஐத் தாண்டினால் மூன்று படி. எனக்கு மிகவும் உறுத்துவது மூன்றாவது காரணம். மோனோபைல் கடலுக்குப் போனதும் அதன் தலையில் ராட்சதச் சம்மட்டி ஆயிரக்கணக்கான அடி அடித்து மண்ணுக்குள் இறக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு தகைவு அலையாகத் தூண் முழுக்க ஓடும். கஷ்டப்பட்டு ஊட்டிய அமுக்கம் அந்தப் பெரிய தகைவுகளில் தளர்ந்துவிடலாம், தளர்ந்ததா என்று மண்ணுக்குள் போய் அளக்க முடியாது. கிரைண்டிங்கும் சீவலும் தந்தது வடிவம். சம்மட்டியால் வடிவத்தைத் திருப்பி எடுக்க முடியாது. பார்க்க முடியாத இடத்துக்குப் போகும் வெல்டிங்குக்கு நான் வடிவத்தை நம்புவேன், எஞ்சிய தகைவை நம்பமாட்டேன்.

அதற்காக எச்.எஃப்.எம்.ஐ.யை ஒதுக்கவில்லை. தண்ணீருக்கு மேலே, கோபுரத்தின் கதவுச் சட்டம், உள்ளே ஒட்டியிருக்கும் தாங்கிகளின் முனை, 50 மி.மீ.க்குள் இருக்கும் தகடு, சம்மட்டி படாத இடம்: அங்கெல்லாம் இதுதான் முதல் தேர்வு. ஏற்கெனவே நிற்கும் கோபுரத்துக்கு ஆயுளை நீட்டவும் இது நல்ல வழி, கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் போதும். விரிசல் ஏற்கெனவே இல்லை என்று முதலில் சோதித்துவிட வேண்டும். இருக்கும் விரிசலின் வாயை நசுக்கி மூடிவிட்டால் அது உள்ளே மறைந்திருந்து வளரும்.

ஓரத்தைத் தொடும் எல்லா வழிக்கும் பொதுவாக இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வேர். ஓரத்தை எவ்வளவு பலப்படுத்தினாலும் வெல்டிங்கின் அடிப்பக்கம் பலவீனமாக இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். இருபக்கமும் போட்ட முழு ஊடுருவல் வட்ட வெல்டிங்கில் இந்தக் கவலை குறைவு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போடும் குழாய் இணைப்புகளில் இது நிஜக் கவலை.

மற்றொன்று, துரு. உப்புத் தண்ணீர் நேரடியாகப் பட்டால் வழித்த ஓரத்தில் துருக்குழி விழும், குழி விழுந்தால் புது ஊசி முளைத்த கணக்கு. அதனால்தான் துருவிலிருந்து சரியாகக் காக்கப்பட்ட இணைப்புக்கு மட்டுமே இந்தப் பலனை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது டி.என்.வி. இதில் மோனோபைலின் உட்பக்கம் ஒரு பாடம். ஆரம்ப காலத் தூண்கள் பலவற்றில் உள்ளே காற்று புகாது, ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு நின்றுவிடும் என்று நம்பி, உட்பக்கத்துக்குப் பாதுகாப்பே வைக்கவில்லை. கேபிள் நுழையும் வழியாகவும் மேல்தளத்துச் சந்துகளாலும் காற்றும் நீரும் புகுந்தன, துரு நிற்கவில்லை. பிறகு உள்ளே அனோடு, அதாவது தூணுக்குப் பதில் தான் கரைந்து துருவைத் தடுக்கும் உலோகக் கட்டி, தொங்கவிட்டபோது, தேங்கிய நீர் அமிலமாகும் புதுத் தொல்லை சில இடங்களில் வந்தது. உட்பக்க ஓரத்தை வழிக்கப் பணம் செலவழிப்பவர், உட்பக்கப் பாதுகாப்பையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

இனி, காசே இல்லாத வழிகள். இவற்றை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் தவறில்லை, ஆனால் மற்றவற்றின் விலையைப் பார்த்த பிறகுதான் இவற்றின் அருமை தெரிகிறது.

முதலாவது வெல்டிங்கை நகர்த்துவது. வளைவு விசை உச்சமாக இருப்பது கடல் தரைக்குச் சில மீட்டர் கீழே. வளையங்களின் நீளத்தை மாற்றிப் போட்டால் அந்த உச்சத்தில் வெறும் தகடு வரும், வெல்டிங் இரண்டு பக்கமும் தள்ளிப்போகும். தகைவு 5 சதவீதம் குறைந்தாலே ஆயுள் 17 முதல் 29 சதவீதம் கூடும் என்று பார்த்தோம்.

இரண்டாவது ஃபிட்டப். இரண்டு வளையங்களின் விளிம்பும் நேருக்கு நேர் உட்காராமல் கொஞ்சம் படி விழுந்தால், அந்தப் படி கூடுதல் வளைவைக் கொண்டுவரும். தகட்டுக்கான எளிய கணக்கு: ஒன்றுடன், படியின் அளவைத் தடிமனால் வகுத்து மூன்றால் பெருக்கியதைக் கூட்டினால் தகைவு மடங்கு வரும். வரைகோட்டுக்குள் ஏற்கெனவே அடங்கிய அளவைத் தாண்டி 4 மி.மீ. படி என்றால் ஏறக்குறைய 15 சதவீதக் கூடுதல் தகைவு. அதை 2 மி.மீ.க்குள் பிடித்தால் 7.5 சதவீதம். இந்த வித்தியாசம் மட்டுமே ஆயுளை 1.22 முதல் 1.4 மடங்கு வரை கூட்டும். நகர்த்துவதையும் இதையும் பெருக்கினால் 1.43 முதல் 1.81. நம் 45 ஆண்டு 64-க்கும் 81-க்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கிறது, ஒரு கிலோ எஃகு கூட்டாமல், ஒரு மீட்டர் கிரைண்டிங் செய்யாமல். வளையங்களின் சுற்றளவை அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதை ஜோடி சேர்த்து, ஆப்பும் ஜாக்கியும் வைத்துப் பொறுமையாக நேர்ப்படுத்தும் ஃபிட்டருக்குக் கூடுதலாக அரை நாள் கொடுக்க வேண்டும். அந்த அரை நாளுக்குச் சண்டை போடாத திட்ட மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது, தூணில் வேறு எதையும் வெல்டிங் செய்யாமல் இருப்பது. 120 மி.மீ.க்கு மேல் நீளமான ஒரு சின்னத் தாங்கியை ஒட்டினாலே அந்த இடத்தின் வகுப்பு 90-லிருந்து 63-க்கு இறங்கும், ஆயுள் மூன்றில் ஒரு பங்காகும். 1980 மார்ச் 27-ம் தேதி நார்வேக்குச் சொந்தமான வட கடல் பகுதியில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு தாங்குகுழாயில் ஹைட்ரோஃபோன் என்ற நீரடி ஒலிக்கருவியைப் பொருத்த வைத்த தாங்கியின் 6 மி.மீ. ஃபில்லட் வெல்டிங்கில் விரிசல் தொடங்கியிருந்தது. அந்தத் தாங்கி எந்தச் சுமையையும் தூக்கவில்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இன்று அனோடுகளைத் தூணில் நேராக ஒட்டாமல் தனிக் கூண்டாகத் தொங்கவிடும் வடிவமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 123 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒற்றைத் தூணுக்குப் பதில் குழாய்களைப் பின்னிக் கட்டும் ஜாக்கெட் வகை அடித்தளத்துக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஜெர்மனியின் ஆல்ஃபா வென்டுஸ் கடல் காற்றாலைப் பண்ணையில் ஆறு காற்றாலை நான்குகால் ஜாக்கெட்டில் நிறுவப்பட்டன, மற்ற ஆறு முக்காலியில். அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான பிளாக் ஐலண்டிலும் ஐந்தும் ஜாக்கெட்தான். குழாயும் குழாயும் சாய்வாகச் சேரும் முடிச்சுகளில் வெல்டிங் ஒரு சேணம்போல் வளைந்து ஓடும். அங்கே மட்டமாகச் சீவ வழியே கிடையாது, சுழற்ற முடியாது, இயந்திரம் போகாது. பர்தான் ராஜா. ஒரு முடிச்சில் எல்லா இடமும் ஒன்றுபோல் மோசமும் அல்ல. தகைவு குவியும் உச்சியிலும் பக்கவாட்டிலும் மட்டும் கவனமாக வழித்தால் போதும் என்று கணக்கு சொன்னால், வேலை அளவோடு முடியும். எண்ணெய்த் துறையில் விரிசல் விழுந்த முடிச்சுகளை நீரடியில் மூழ்காளர்கள் கிரைண்டரால் வழித்துச் சரிசெய்த அனுபவம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் அங்கிருந்தே காற்றாலைக்கு வந்தது.

நம் ஊருக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ரூ.7,453 கோடி ஒதுக்கி, குஜராத் கடலில் 500 மெகாவாட்டும் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டும் கடல் காற்றாலை அமைக்க ஒப்புதல் தந்தது. எண்ணெய் ஜாக்கெட் செய்து பழகிய பட்டறை காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. தூணோ ஜாக்கெட்டோ, என்றைக்கு வந்தாலும் பென்சில் கிரைண்டரைப் பிடிக்கப்போவது நம் பையன்களின் கை.

ஆக, தேறாத அந்த ஒரு வெல்டிங்குக்கு நான் எழுதும் சீட்டு இது. வளையங்களின் நீளத்தை மாற்றி வெல்டிங்கை உச்சத்திலிருந்து நகர்த்துங்கள். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் ஃபிட்டப் படியின் எல்லையை 2 மி.மீ. என்று வரைபடத்தில் தனியாகக் குறியுங்கள். அதைச் சுற்றி எந்தத் தாங்கியும் வேண்டாம். கணக்கைத் திருப்பிப் போட்டு 75 வந்தால் அதோடு நிறுத்தலாம். வரவில்லை என்றால் அந்த ஒரு வெல்டிங்கை உள்ளும் வெளியும் மட்டமாகச் சீவி, முழு நீளத்துக்கும் மீயொலிச் சோதனை. பர் கிரைண்டிங்கை வடிவமைப்பு நிலையிலேயே செலவழித்துவிடாமல் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் ஏதோ ஒரு வெல்டிங்கில் படி 2-க்குப் பதில் 5 மி.மீ. வந்துவிட்டது, பிரித்துப் போட நேரமில்லை என்று ஒரு நாள் இரவு போன் வரும். அப்போது கொடுக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். தடிமனைத் தொடுவது கடைசியில்.

இதில் நேரம் ஒன்றுதான் கறார். வளையத்தின் நீளம் என்பது தகட்டின் அகலம். தகடு ஆலைக்கு ஆர்டர் போய்விட்டால் வெல்டிங்கை நகர்த்த முடியாது, சீட்டின் முதல் வரியே அடிபட்டுவிடும். ஃபெட்டீக் கணக்குப் போடுபவரும் தகடு வாங்குபவரும் அந்த ஆர்டருக்கு முந்தைய வாரம் ஒரே மேசையில் உட்கார வேண்டும், ஃபிட்டப் மேஸ்திரியையும் கூப்பிட்டுக்கொண்டு.